இருபதா, இருபத்தொன்றரையா: செஸ்னா 172என் எரிபொருள் கணக்கோடு ஒன்பது ஆண்டுகள்

எங்கள் விமானத்தின் இறக்கைமீது இருக்கும் எரிபொருள் மூடியின் அருகே 21.5 அமெரிக்க கேலன் என்று எழுதியிருக்கும். இறங்கி வந்து விமானி இருக்கையில் அமர்ந்து, இரு இருக்கைகளுக்கும் இடையே தரையில் இருக்கும் தொட்டித் தேர்வுக் குமிழைப் பார்த்தால், அதே தொட்டிக்கு 20 கேலன் என்று எழுதியிருக்கும். இரண்டும் தயாரிப்பாளரே ஒட்டியவை, இரண்டும் சரியானவை. இந்த ஒன்றரை கேலன் வேறுபாட்டை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின என்று சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. (கேலன் என்றே எழுதுகிறேன். காலன் என்று எழுதினால், பேசப்படும் பொருளுக்கு அது சற்று அதிகமாகவே பொருந்திவிடும்.)

விமானம் 1978-ஆம் ஆண்டின் செஸ்னா 172என். கலிபோர்னியாவின் லிவர்மோர் விமான நிலையத்தில் நால்வர் பங்கு போட்டு ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். 160 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320 என்ஜின். இரு இறக்கைகளிலும் ஒவ்வோர் அலுமினியத் தொட்டி. மொத்தக் கொள்ளளவு 43 கேலன், அதில் பயன்படும் எரிபொருள் 40, பயன்படா எரிபொருள் 3. இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தன் எடையாலேயே என்ஜினுக்கு இறங்கி வருகிறது, பம்பு கிடையாது. பறக்கும் இயல்பைப் பற்றி எழுதுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. 172 எப்படிப் பறக்குமோ அப்படிப் பறக்கிறது. இந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதன் எரிபொருள் அமைப்புதான்.

ஊரில் இருசக்கர வாகனம் ஓட்டிப் பழகிய எவருக்கும் 'ரிசர்வ்' தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இருமத் தொடங்கினால், குனிந்து குழாயைத் திருப்பிவிட்டால் போதும், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை வண்டி போய்விடும். நான் பயன்படா எரிபொருளை நெடுநாள் இந்த ரிசர்வைப் போலத்தான் மனத்துக்குள் வைத்திருந்தேன். 40 தீர்ந்தாலும் அடியில் 3 இருக்கிறதே என்ற ஆறுதல் அது. ஆனால் ரிசர்வ் என்பது பயன்படும் எரிபொருளின் கடைசிப் பகுதி. விமானத்தில் அதை நாம்தான் அந்த நாற்பதுக்குள்ளிருந்து ஒதுக்கிவைக்க வேண்டும். பயன்படா எரிபொருளோ நம் கணக்கில் வரவே கூடாத ஒன்று.

அது ஏன் பயன்படாது? வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். வெளியேற்றுக் குழாய் அடித்தளத்திலிருந்து சற்று மேலே இருப்பதால், கடைசி இரண்டு விரற்கடைத் தண்ணீர் குழாயில் வராது. வண்டலோடு அங்கேயே கிடக்கும். விமானத் தொட்டியிலும் இது உண்டு என்றாலும், இது கதையில் பாதிதான். மாடித் தொட்டி சாய்வதில்லை, விமானம் சாய்கிறது. அகலமாகவும் ஆழமின்றியும் இருக்கும் தொட்டியில் எரிபொருள் குறையக் குறைய, மூக்கு உயர்ந்தால் பின்னோக்கியும் தாழ்ந்தால் முன்னோக்கியும் அது ஓடுகிறது. குறுக்குக் காற்றில் இறங்கும்போது ஓர் இறக்கையைத் தாழ்த்தி மூக்கை எதிர்ப்புறம் திருப்பினால், தாழ்ந்த இறக்கையின் எரிபொருள் முனையை நோக்கிப் போய், உடற்பகுதியை ஒட்டியிருக்கும் வெளியேற்றுத் துளையைக் காற்றில் விட்டுவிடுகிறது. சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் பகுதி 23, 2017-இல் மாற்றி எழுதப்படும் வரை, இதை அழகாக வரையறுத்திருந்தது: அந்தத் தொட்டியைக் கொண்டு செய்யக்கூடிய பறத்தல்களில் எரிபொருள் வரத்துக்கு மிகவும் பாதகமான நிலையில் என்ஜின் தடுமாறுவதற்கான முதல் அறிகுறி எந்த அளவில் தோன்றுகிறதோ, அந்த அளவுக்குக் குறையாமல் பயன்படா எரிபொருளை நிர்ணயிக்க வேண்டும். ஆகவே இது 'ஒருபோதும் வராத' எரிபொருள் அன்று. 'வரும் என்று நம்ப முடியாத' எரிபொருள். நேராகப் பறக்கும்போது அதில் ஒரு பகுதி வரவும் கூடும். இறங்குமுன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போது வராமலும் போகலாம்.

எங்கள் குமிழின் தகட்டிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. இரு தொட்டிகளையும் சேர்த்துத் திறக்கும் நிலையில் '40 கேலன், எல்லா நிலைகளிலும்' என்றும், இடம் அல்லது வலம் மட்டும் திறக்கும் நிலையில் '20 கேலன், மட்டமாகப் பறக்கும்போது மட்டும்' என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் திறந்திருந்தால், சாய்வில் ஒரு துளை வெளிப்பட்டாலும் உயர்ந்த இறக்கையின் எரிபொருள் உள்நோக்கி ஓடி மற்றத் துளையை மூடியிருக்கும். ஒன்றை மட்டும் திறந்திருந்தால் அந்தக் காப்பு இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டையும் திறந்துவை என்று பயிற்சியில் மனப்பாடம் செய்வித்தார்கள். காரணத்தை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில் சான் டியேகோவிலிருந்து லிவர்மோருக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொட்டிகள் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. திட்டப்படி மூன்று மணி இருபது நிமிடப் பயணம்; முன்னறிவிப்பில் இருந்ததைவிட வலுவான எதிர்க்காற்று மத்தியப் பள்ளத்தாக்கு நெடுகிலும் பிடித்துக்கொண்டது. கோலிங்காவை அடுத்து, நெடுஞ்சாலை 5-இன் ஓரத்தில், ஹாரிஸ் ராஞ்ச் உணவகத்தை ஒட்டிய சிறு ஓடுபாதை இடப்புறம் தெரிந்தது. இறங்கி நிரப்பிக்கொள்ளலாமா என்று யோசித்தபோது மனத்துக்குள் ஓடிய கணக்கு இன்றும் நினைவிருக்கிறது: 'நாற்பத்து மூன்றில் இன்னும் தாராளமாக இருக்கிறது.' அந்த நாற்பத்து மூன்றுதான் தவறு. கடைசி அரைமணி நேரம் இரு மானி முட்களும் சிவப்புக் கோட்டின் மேல் ஆடிக்கொண்டிருந்தன. நான் மேற்கே ஆல்டமாண்ட் குன்றுகளைப் பார்ப்பதும் முட்களைப் பார்ப்பதுமாக வந்து சேர்ந்தேன். நான்கு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நிரப்பும்போது தொட்டிகள் 35.6 கேலன் ஏற்றுக்கொண்டன.

அன்று மாலை ரசீதை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு கழித்தல்கள் போட்டேன். 43-இல் கழித்தால் மீதி 7.4 கேலன், மணிக்கு 8.7 கேலன் என்ற அன்றைய செலவில் ஐம்பது நிமிடம். 40-இல் கழித்தால் மீதி 4.4 கேலன், முப்பது நிமிடம். பகலில் கண்பார்வை விதிகளின்படிப் பறக்கும் விமானம், சேருமிடம் வரை போய் அதற்குப் பிறகும் இயல்பு வேகத்தில் முப்பது நிமிடம் பறக்கப் போதிய எரிபொருள் இருக்குமாறு திட்டமிட்டே புறப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இரவில் அது நாற்பத்தைந்து நிமிடம். நான் ஐம்பது நிமிடக் கையிருப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தது, விதி கேட்கும் அடிமட்ட அளவில் வந்து நின்றிருந்தது. அதற்குப் பிறகு அந்த மூன்று கேலனை நான் மனத்தால் தொட்டதில்லை.

அதற்கடுத்த ஆண்டுப் பரிசோதனையின்போது தொட்டிகளை முற்றாக வடித்துவிட்டு, மூடி வழியே தொட்டிக்குள் விட்டு எரிபொருள் மட்டம் பார்க்கும் அளவுக் குச்சியை நாங்களே அளந்து குறிப்பது என்று நால்வரும் முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதில் போயிற்று. விமானத்தை மட்டமாக நிறுத்தி, முதலில் ஒவ்வொரு தொட்டியிலும் பயன்படா எரிபொருளான ஒன்றரை கேலனை ஊற்றினோம். அங்கிருந்துதான் பூச்சியத்தைத் தொடங்க வேண்டும். வெறும் தொட்டியிலிருந்து தொடங்கினால் குச்சியின் ஒவ்வொரு கோடும் ஒன்றரை கேலன் பொய் சொல்லும். குச்சி நனையவில்லை. பிறகு சிறிது சிறிதாக ஊற்றியும் சற்று நேரம் நனையவே இல்லை. இறக்கைகள் முனைநோக்கிச் சற்றே மேலெழுந்து செல்பவை என்பதால், எரிபொருள் உட்புறமாகத் தேங்குகிறது. மூடியோ தொட்டியின் வெளிப்புறத்தில் இருக்கிறது. நனையாத குச்சிக்கும் வெற்றுத் தொட்டிக்கும் தொடர்பில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். குச்சியின் அடிப்பகுதியில் இப்போது எங்கள் கோடு எதுவும் இல்லை. அங்கே 'தெரியாது' என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறோம்.

மானிகளையும் அதே நாளில் சரிபார்த்தோம். பயன்படா எரிபொருள் மட்டும் எஞ்சியிருக்கும்போது, மட்டமாகப் பறக்கையில், மானி பூச்சியம் காட்ட வேண்டும் என்பதே விதியின் மொழி. எங்கள் விமானத்தின் கையேடும் முள் காலி என்று காட்டும்போது ஒவ்வொரு தொட்டியிலும் ஏறத்தாழ ஒன்றரை கேலன் பயன்படா எரிபொருளாக எஞ்சியிருக்கும் என்கிறது. வலப்புற மானி அதற்கும் முன்பே காலி காட்டியது; அது பயந்த சுபாவம், மன்னிக்கலாம். இடப்புற மானியோ ஒன்றரை கேலன் இருந்தபோதும் சிவப்புக் கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. உள்ளே இருக்கும் மிதவையின் கம்பி வளைந்திருந்தது, மாற்றினோம். பூச்சியத்தில் மட்டும் மானி சரியாக இருந்தால் போதும், மற்ற அளவுகளில் சட்டம் எதையும் கேட்பதில்லை என்று விமானிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது விதியைத் தவறாகப் படித்ததால் வந்த பேச்சு என்பது என் கருத்து. பூச்சியம் எது என்று வரையறுக்கும் வரியை, மற்றவற்றுக்கு விலக்கு அளிக்கும் வரியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எடைக் கணக்கிலும் இதே மூன்று கேலன் தலைகாட்டும். ஏவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், கேலனுக்கு 6 பவுண்டு. பயன்படா எரிபொருளின் 18 பவுண்டு விமானத்தின் வெற்றெடையிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆகையால் தொட்டிகள் நிரம்பியிருந்தாலும் எடைத் தாளில் எழுத வேண்டியது 240 பவுண்டுதான், 258 அன்று. இங்கே 43 என்று போட்டால் பெரும் கேடில்லை, 18 பவுண்டை இருமுறை எண்ணி, 2,300 பவுண்டு உச்ச எடைக்குள் அவ்வளவு சாமானைக் குறைத்துக்கொள்வீர்கள். அதே 43-ஐ நேரக் கணக்கில் போட்டால் இருபது நிமிடம் காற்றில் கரைந்துபோகும். ஒரே தவறு ஒரு தாளில் எச்சரிக்கையாகவும் இன்னொரு தாளில் ஆபத்தாகவும் இருப்பதால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

பின்னர் எரிபொருள் ஓட்டமானி ஒன்றைப் பொருத்தினோம். நல்ல முதலீடு, கேலனில் பத்தில் ஒரு பங்கு வரை நம்பத்தக்கதாக இருக்கிறது. ஆனால் அது தொட்டியைப் பார்ப்பதில்லை. நாம் சொன்ன தொடக்க அளவிலிருந்து செலவைக் கழிக்கிறது, அவ்வளவே. பங்காளி ஒருவர் நிரப்பிய கையோடு அதில் 43 என்று பதிந்துவிட்டு இறங்கிப் போனதை மறுநாள் தற்செயலாகக் கண்டேன். இப்போது கருவிப் பலகையில் '40' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. இன்னொரு முறை, சரிவான தளத்தில் இரு தொட்டிகளும் திறந்த நிலையில் இரவு முழுக்க நிறுத்தியிருந்தோம். மேட்டுப் பக்கத் தொட்டி பள்ளத்துப் பக்கத் தொட்டிக்குள் வடிந்து, இட இறக்கையின் கீழுள்ள காற்றுக் குழாய் வழியே வெளியேறி, காலையில் தார்த்தரையில் நீலக் கறையாகக் கிடந்தது. குமிழை ஒரு பக்கத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு இறங்கினால் இது நேராது, கையேட்டிலேயே இருக்கிறது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பொன்று, எரிபொருள் மேலாண்மைத் தவறுகளால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நேர்ந்ததைச் சுட்டியது. எரிபொருள் அடியோடு தீர்ந்துபோவது ஒரு வகை. விமானத்தில் எரிபொருள் இருந்தும் என்ஜினுக்குப் போய்ச் சேராதது இன்னொரு வகை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, எங்கள் பகுதிக்குத் தெற்கே மாண்டெரே விரிகுடாவில் தம் லாங்-ஈஸி விமானத்தோடு விழுந்து இறந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தொட்டித் தேர்வுக் கைப்பிடி எட்டாத இடத்தில், விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் இருந்தது. எரிபொருள் அளவுகாட்டிகளில் கேலன் குறிகள் இல்லை. புறப்படுமுன் அவர் எரிபொருள் நிரப்பவும் இல்லை. எந்தக் கையேட்டு வரையறைக்கும் அப்பால், கை எட்டாத எரிபொருளும் பயன்படா எரிபொருள்தான்.

பழைய விமானம் வாங்க எண்ணுவோர் விளம்பரத்தில் இருக்கும் கொள்ளளவைப் பார்த்து மயங்க வேண்டாம். செஸ்னா 150-இன் வழக்கமான தொட்டிகளில் 26 கேலன் பிடிக்கும், பயன்படுவது 22.5, அதே 26 கேலன் கொண்ட 152-இல் பயன்படுவது 24.5. பின்னாளைய 172எஸ் விமானத்தில் 56-க்கு 53. நான் பயிற்சி பெற்ற பைப்பர் வாரியரில் 50-க்கு 48, ஆனால் இரு தொட்டிகளையும் சேர்த்துத் திறக்கும் வசதி அதில் இல்லை. 172என்னிலேயே 54 கேலன் பெரிய தொட்டிகள் பொருத்திய விமானங்களில் பயன்படுவது 50. எங்களுக்கு அது வேண்டுமா என்று ஒருமுறை பேசினோம். நால்வரில் எவருடைய முதுகும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்த இருக்கையைத் தாங்காது என்பதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது பயன்படும் எரிபொருளில் 9 கேலன், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், எஞ்சியிருக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் நால்வருக்குள் எழுதிக் கையெழுத்திட்ட விதி. எதிர்க்காற்று இருந்தால் ஹாரிஸ் ராஞ்சில் இறங்கிவிடுகிறேன். இடப்புற மானி புதிய மிதவையோடு இப்போது ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் நிரப்பிய ரசீதுகளை எல்லாம் பதிவேட்டில் ஒட்டிவைக்கிறேன், குச்சி பின்னிருக்கைப் பையில் எப்போதும் இருக்கிறது.