ஓதம் ஏறும் சுவரில் பேனல் அடிக்காதீர்கள்: எங்கள் வீட்டில் நடந்தது

செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில்தான் அறையும். வருஷா வருஷம் உள்பக்கம் ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து உதிரும். பிவிசி பேனல் அடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று ஆள் பார்த்தோம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சேச்சி, இது பிளாஸ்டிக். தண்ணி ஏறவே ஏறாது. நாளைக்கே தொடங்கிடலாம்" என்றார். நம்பி முன்பணம் கொடுத்தேன். ஆனி கடைசியில் வேலை முடிந்தது.

பேனலில் தண்ணீர் ஏறாதுதான். ஆனால் எங்களுக்கு ஈரம் வருவது பின்னாலிருந்து, வெளிப்பூச்சு விரிசல் வழியாக. முன்பு சாரல் நின்றதும் காற்றுப் பட்டுச் சுவர் காய்ந்துவிடும். இப்போது அதற்கும் வழியில்லாமல் அடைத்தாயிற்று. ஆவணியில் அம்மாதான் முதலில் சொன்னார், "பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி வாடை வருது." அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில். இருமல் ராத்திரியெல்லாம் நிற்கவில்லை. மருந்து மாற்றிப் பார்த்தோமே தவிர, சுவரைச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

புரட்டாசியில் ஒரு பேனலைக் கழற்றினோம். சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பேனலைத் தாங்க ஜிஐ சேனல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், போடுவதாகப் பேச்சு. உள்ளே இருந்தது மருந்து ஏற்றாத ரப்பர் மர ரீப்பர். பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கிற மரம் அது. விரலால் அழுத்தினால் மாவாகக் கொட்டியது. பின்கட்டு அறையில் அவரே போட்ட ஜிப்சம் சீலிங்குக்கும் ஒன்றரை அடிக்கு ஒரு சேனல் என்று சொல்லிவிட்டு மூன்றடிக்கு ஒன்று வைத்திருக்கிறார். போர்டு தொய்ந்து ஜாயின்ட் வாய் பிளந்து நிற்கிறது.

அப்புறம்தான் கணக்கையும் பார்த்தேன். சுவர் 20 அடிக்கு 10 அடி, ஜன்னலையும் சேர்த்தே 200 சதுர அடி. பத்தடி நீளம், பத்து அங்குல அகலப் பேனல் 24 போதும், அடித்திருப்பதும் 24தான். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியதோ 260 சதுர அடிக்கு. கேட்டால் வேஸ்டேஜ் என்கிறார். நூற்றுக்குப் பத்து கழிவு என்றாலும் 220 தானே? ஜிஎஸ்டி பில்லும் தரவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

கேரளாக்காரர் மேல் கேஸ் போடக் கொல்லத்துக்கு அலைய வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து பதிவு செய்தேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பேனல் அடிக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால் வேர்த்திருந்தால் வெளிப்பூச்சு விரிசலை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேனல் பேச்சு. எந்தச் சேனல், எத்தனை அடிக்கு ஒன்று என்பதை எழுதி வாங்குங்கள். சேனல் அடித்ததும், பேனல் மூடும் முன் போட்டோ எடுங்கள்.

எங்கள் சுவர் இப்போது வெறுஞ்சுவர். பங்குனி வெயிலில் காய்ந்த பிறகுதான் பூசுவோம். அம்மாவின் கட்டிலைக் கிழக்கு அறைக்கு மாற்றிவிட்டோம். உளுத்த ரீப்பரும் கழற்றிய பேனலும் மாடிப்படிக்கு அடியில் சாட்சிக்கு இருக்கின்றன. இதே வேலைக்கு முன்பணம் கொடுக்கப் போகிற நம்மூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.