ஜகாத்தா, வக்ஃபா: ஊர் ஒற்றுமைக்கு எது?

வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் சேமிப்பிலிருந்து கட்டாயமாகக் கொடுக்கும் பங்கு ஜகாத். ஒரு சொத்தை நற்பணிக்கென்று நிரந்தரமாக எழுதிவைப்பது வக்ஃப். கலவரத்தில் கடை எரிந்த ஊருக்கு உதவ நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள்.

வேகம்: ஜகாத் உடனே கைக்குப் போய்ச் சேரும். வக்ஃபில் சொத்தை எழுதிவைத்து, அதை நிர்வகிக்க முத்தவல்லி அமைந்து, வாடகை வரவே காலம் பிடிக்கும்.

ஆயுள்: ஜகாத் சேமிப்பில் 2.5 சதவீதம், கொடுத்ததும் தீர்ந்துவிடும். வக்ஃபில் மூலச் சொத்தைத் தொடமாட்டார்கள், அதன் வருமானம்தான் செலவாகும். ஜெருசலேமில் உஸ்மானியப் பேரரசர் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1552-இல் நிறுவிய அன்னசாலையில் இந்தக் காலத்திலும் பெரிய அண்டாக்களில் சூப் கொதிக்கிறது. ஏழைகள் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகிறார்கள்.

யாருக்கு: எனக்கு இதுதான் முக்கியம். ஜகாத் எட்டு வகையினருக்கு. பெரும்பாலான அறிஞர்கள் கருத்தில் முஸ்லிம் ஏழைகளுக்கே. வக்ஃப் கிணற்றில் அண்டை வீட்டு இந்துவும் கிறிஸ்தவரும் குடம் நிரப்பலாம்.

இன்றிரவு அடுப்பெரிய ஜகாத். பிரிந்த இரண்டு தெருவும் ஒரே மருந்தகத்தில் சந்திக்க வக்ஃப், அதுவும் ஆண்டுக்கணக்கை ஊர் முன் வாசிக்கும் முத்தவல்லி இருந்தால்.