ஸ்ட்ராவாவா, கைபேசியின் காலடி எண்ணியா?

நடைப்பயிற்சி தொடங்குபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்ட்ராவா என்பது நடை, ஓட்டத்தைப் பதிந்து நண்பர்களோடு பகிரும் செயலி.

செலவு: எண்ணிக்குச் செலவில்லை. ஸ்ட்ராவாவும் இலவசம்தான், ஆனால் ஒரே பாதையில் யார் வேகம் என்று காட்டும் முழுத் தரவரிசைப் பட்டியலுக்கு 2020 முதல் சந்தா வேண்டும்.

எளிமை: எண்ணி சட்டைப்பையில் இருந்தபடியே எண்ணும். ஸ்ட்ராவாவில் பதிவை நாமே தொடங்கி நிறுத்த வேண்டும்.

ஊக்கம்: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிரை விடுவிக்கக் காசு பெற்ற மாணவர்களுக்கு, காசு நின்றதும் ஆர்வம் குறைந்தது. வாய்நிறையப் பாராட்டப்பட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஸ்ட்ராவாவில் இரண்டும் கலந்திருக்கின்றன: நண்பரின் பாராட்டு நம்மைத் தாங்கும், பதக்கமும் தரவரிசையும் நடையையே மறக்கடித்துவிடலாம். முந்தாவிட்டால் நடந்ததே வீண் என்று தோன்றுகிறதா? உடனே பட்டியல் பக்கம் போவதை நிறுத்துங்கள்.

எண்ணியிலும் ஒரு பொறி உண்டு. 10,000 காலடி என்ற இலக்கு மருத்துவர்கள் வகுத்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ (பத்தாயிரம் காலடி மானி) கருவியின் பெயரிலிருந்து பரவியது. உங்கள் வழக்கமான நாளைவிட ஆயிரம் கூடினாலே நல்ல முன்னேற்றம்.

தனியாக நடக்கச் சோம்பல்படுகிறவர், நாலு நண்பர்களோடு ஸ்ட்ராவாவில் சேரலாம். ஒப்பீடு மனதை வாட்டுமென்றால் எண்ணியே போதும். முழங்கால் வலியோடு புதிதாகத் தொடங்குபவருக்கும் எண்ணியைத்தான் சொல்வேன், இலக்கைத் தாழ்வாக வைத்து.