பத்தாம் வகுப்புக்குப் பிறகு: பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா?

தமிழ்நாட்டில் இன்ஜினியர் ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு வழி பத்தாம் வகுப்பிலேயே பிரிகிறது. பிளஸ் டூ முடித்து நான்கு ஆண்டு பி.இ. படித்தாலும் சரி, பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் சரி, மொத்தம் ஆறு ஆண்டுதான். ஆகவே கால விரயம் என்ற பயம் வேண்டாம்.

பாலிடெக்னிக்கில் கைவேலை சீக்கிரமே வந்துவிடும். ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கும் பழக்கம் பதினாறு வயதிலேயே படிந்துவிடுகிறது. வீட்டில் பணக்கஷ்டம் என்றால் டிப்ளமோவோடு வேலைக்குப் போகலாம். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் எழுதலாம். குறை கணக்கில்தான். பி.இ. முதலாண்டுக் கணக்கைப் படிக்காமல் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைபவர்கள் அங்கே திணறுவதுண்டு.

பிளஸ் டூவில் பிள்ளை மனம் மாறினால் வேறு படிப்புக்குத் தாவலாம். பி.இ. சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. அதை நழுவவிடாதீர்கள்.

கணக்கு ஓரளவு வருகிற பிள்ளை என்றால் பிளஸ் டூ என்பேன். கருவிகளைக் கண்டாலே கை துறுதுறுக்கும் பிள்ளையை, "மார்க் குறைந்தவர்கள் போகிற இடம்" என்று சொல்லி பாலிடெக்னிக்கிலிருந்து தடுக்காதீர்கள்.