ஃப்ரீபிஎஸ்டி மேசைக் கணினியும் இரண்டு நெட்வொர்க் கார்டுகளும்

வீட்டுக் கணினியில் ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வழிவந்த இலவச இயங்குதளம்) ஓட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. 13-ஆம் பதிப்பில் தொடங்கி இப்போது 14. இதற்குள் இரண்டு நெட்வொர்க் கார்டுகளோடு குடித்தனம் நடத்தியாயிற்று: மதர்போர்டிலேயே வந்த 2.5 கிகாபிட் சிப் ஒன்று, அப்புறம் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய இன்டெல் கார்டு.

முதலில் மதர்போர்டு சிப். நிறுவி முடித்து நெட்வொர்க் இடைமுகங்களைப் பட்டியலிடும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்தால் லூப்பேக்கை (கணினி தன்னோடு தானே பேசும் இடைமுகம்) தவிர ஒன்றும் இல்லை. வன்பொருளைப் பட்டியலிடும் பிசிஐகான்ஃப் கட்டளையில் சிப் தெரிகிறது, ஆனால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பெயர் வரவேண்டிய இடத்தில் ‘நன்0’ (எதுவும் இல்லை) என்று நிற்கிறது. கார்டு இருக்கிறது, மேய்க்க ஆள் இல்லை. அதற்கான டிரைவர் போர்ட்ஸில் (ஃப்ரீபிஎஸ்டியின் கூடுதல் மென்பொருள் தொகுப்பு) தனியாகக் கிடைக்கிறது. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

கைகொடுத்தது ஆண்ட்ராய்டு போன். யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் டெதரிங்கை (போனின் இணையத்தைப் பகிர்வது) ஆன் செய்து, கேஎல்டிலோட் கட்டளையால் ‘இஃப்_யூஆர்என்டிஸ்’ என்கிற டிரைவர் மாட்யூலை ஏற்றினால் ‘யூஇ0’ என்று ஒரு இடைமுகம் முளைக்கும். அதன்மேல் ஐபி முகவரி கேட்டு வாங்கும் டிஎச்கிளையன்ட்டை ஓட்டினால் போதும், போனின் டேட்டா கணினிக்கு வந்துவிடும். இந்த மாட்யூல் ஃப்ரீபிஎஸ்டியோடு கூடவே வருவதால் எதையும் இறக்கத் தேவையில்லை. புதிதாக நிறுவப்போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போனின் இணையத்தில் டிரைவர் பேக்கேஜை இறக்கி நிறுவி, கணினி எழும்போது படிக்கும் லோடர்.கான்ஃப் கோப்பில் அதை ஏற்றச் சொல்லி மறுதொடக்கம் செய்ததும் இணைப்பு வந்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. தலைவலி எல்லாம் மேம்படுத்தும்போதுதான். வெளியிலிருந்து வரும் மாட்யூல், ஓடுகிற கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒத்துப்போக வேண்டும். தயார் பேக்கேஜோ முந்தைய புள்ளி வெளியீட்டுக்காகக் (14.1 மாதிரி) கட்டப்பட்டதாக இருக்கலாம். எனவே ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் கர்னல் மூலநிரலை இறக்கி, போர்ட்ஸிலிருந்து டிரைவரை நானே கம்பைல் செய்து வந்தேன். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது எப்போதாவது கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ (கார்டு நேரத்துக்குப் பதில் தரவில்லை) என்ற வரி விழும், இணைப்பு சில நொடிகள் மூச்சுமுட்டி மீளும். டிஎஸ்ஓவை (தரவைத் துண்டாக்கும் வேலையைக் கார்டிடம் விடும் வசதி) அணைத்தபின் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம்தான் இன்டெல். 82574எல் சிப், சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கார்டு. அதற்கான ஈஎம் டிரைவர் வழக்கமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சொருகி ஆன் செய்தால் ‘ஈஎம்0’ தயார். கணினியின் அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பெறும் முறை) என்று ஒரு வரி, வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வந்த மேம்படுத்தல்களில் இந்தக் கார்டைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னைக் கேட்டால் ஃப்ரீபிஎஸ்டியில் கார்டு வாங்க இது ஒன்றுதான் அளவுகோல்: டிரைவர் கர்னலோடு வருகிறதா, இல்லையா. கிகாபிட் எண்ணிக்கை எல்லாம் அடுத்ததுதான்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் இடைமுகத்தின் பெயர் டிரைவரின் பெயரிலிருந்து வருகிறது. கார்டை மாற்றினால் பெயரும் மாறும். ஆர்சி.கான்ஃப், பிஎஃப் ஃபயர்வால் விதிகள் இரண்டிலும் பழைய பெயர் இருந்தால் கணினி ஐபி முகவரி இல்லாமல் எழுந்து நிற்கும். ஆர்சி.கான்ஃபிலேயே இடைமுகத்துக்கு ‘லேன்0’ மாதிரி சொந்தப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அந்தக் கோப்பில் மட்டும் கைவைத்தால் போதும்.

வைஃபை? எனக்குக் கேபிளே போதும். கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு வைஃபைபாக்ஸ் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் பீஹைவ் மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒரு குட்டி லினக்ஸை ஓட்டி, வைஃபை கார்டை அதன் கையில் கொடுத்துவிடும். ஒரு கார்டுக்காக இன்னொரு இயங்குதளத்தையே குடிவைப்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேலை செய்கிற வழி.

2.5-ஐ விட்டு 1 கிகாபிட்டுக்கு இறங்கியதில் நஷ்டம் உண்டா என்றால், நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் நின்றுவிடும். என் பிராட்பேண்ட் அதைவிடக் குறைவு, எனவே உறைக்கவில்லை. வீட்டில் எஸ்எஸ்டி போட்ட சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது போதாது.

பழைய கார்டு வாங்கப் போனால் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஒல்லிப் பெட்டி அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியவை குட்டைத் தகட்டோடு வரும், சாதாரண கேபினட்டில் திருகு போட முடியாது. நெட்டைத் தகடு இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.