மஞ்சளித்த பழைய கணினி: க்ரீம் பூசுவதா, முக்கி வைப்பதா?

1987இல் வந்த அமிகா 500, மேக்கின்டாஷ் எஸ்ஈ போன்றவற்றின் பிளாஸ்டிக் கூடு புற ஊதா ஒளியாலும் சூட்டாலும் மஞ்சளாகும். சோப்பு நீரில் அழுக்குதான் போகும். நிறம் திரும்ப ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலோ புற ஊதா விளக்கோ வேண்டும். பெராக்சைடை எந்த வடிவில் போடுவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

செலவு
க்ரீம்: தலைமுடிச் சாயத்துடன் கலக்கும் 40 வால்யூம் டெவலப்பர், அதாவது 12 சதவீதப் பெராக்சைடு. கொஞ்சமே போதும்.
திரவம்: பாகம் முழுக வேண்டும். மானிட்டர் கூடு என்றால் லிட்டர் கணக்கில் போகும்.

சீரான நிறம்
க்ரீம்: இதன் பலவீனமே இதுதான். ஓரிடத்தில் காய்ந்தாலும் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். அதை மறைப்பது மஞ்சளைப் போக்குவதைவிடக் கடினம். மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அடிக்கடி திறந்து மறுபடி பூச வேண்டும். தாளின் சுருக்கங்கள்கூடக் கோடாகப் பதியும்.
திரவம்: ஒரே சீர். குமிழி ஒட்டி மிதந்தால் மட்டும் அமுக்கி விடுங்கள்.

பாதுகாப்பு
இரண்டுக்கும் கையுறை, கண்ணாடி கட்டாயம். திரவப் பாத்திரத்தை இறுக மூடாதீர்கள், உள்ளே ஆக்சிஜன் சேரும்.

விசைப்பலகைப் பொத்தான்களுக்குத் திரவம்தான், யோசிக்கவே வேண்டாம். ஸ்பேஸ் பாரின் இரும்புக் கம்பியை முதலில் கழற்றுங்கள். பெரிய மானிட்டருக்கு, பக்கத்திலேயே இருந்து கவனிக்கப் பொறுமை உண்டென்றால், க்ரீம். எதைச் செய்தாலும் சில வருடங்களில் மஞ்சள் மீண்டும் எட்டிப் பார்க்கலாம்.