டோட்டல் லாஸ் ஆன காரை ஒப்படைப்பதா, வைத்துக்கொள்வதா?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை முடக்கியபோது, முன்கூட்டியே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட கார்கள் தப்பின. குடியிருப்புகளின் தரைத்தளத்திலேயே நின்றவை மூழ்கின. எங்கள் காரும் மூழ்கியது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பிறகு காப்பீட்டு நிறுவனம் அதை ‘டோட்டல் லாஸ்’, அதாவது முழு இழப்பு, என்று முடிவுசெய்து, வண்டியை ஒப்படைத்து முழுத்தொகையைப் பெறுகிறீர்களா, குறைத்த தொகையைப் பெற்று வண்டியை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது. பல ஆண்டுகள் ஓட்டிய வண்டியை விட மனம் வராமல் பலரும் இரண்டாவது வழியையே நாடுகிறார்கள். சில வண்டிகளுக்கு அது சரியான முடிவு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு அது பெரும்பாலும் தவறான முடிவு என்பது என் கருத்து.

நம் நாட்டு வாகனக் காப்பீட்டில், வண்டியை மீட்டுப் பழுதுபார்க்கும் செலவு அதன் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். அந்த மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும்: இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள வண்டிக்கு 30 சதவீதமும், நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுள்ளதற்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும், ஐந்து ஆண்டைத் தாண்டியவற்றுக்கு இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் மதிப்புதான். ஆகவே, பழைய வண்டி ஒரு நடுத்தர விபத்திலேயே 75 சதவீதக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. புதிய வண்டி தாண்டுகிறதென்றால் சேதம் உண்மையிலேயே கடுமையானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐ.டி.வி. 4,00,000 ரூபாய், சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 3,20,000 ரூபாய், சேதமடைந்த வண்டிக்கு ஏலத்தில் வந்த உயர்ந்த விலை, அதாவது சால்வேஜ் மதிப்பு, 1,30,000 ரூபாய். 1500 சி.சி.க்கு மேற்படாத காருக்குக் காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கொள்ளும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஒப்படைத்தால் கைக்கு வருவது 3,99,000, வைத்துக்கொண்டால் 2,69,000. வைத்துக்கொள்பவர் பலரும் ‘இரண்டே முக்கால் லட்சம் வருகிறது, வண்டியும் மிச்சம்’ என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் தங்கள் வண்டியையே 1,30,000 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். அதன்மேல் 3,20,000 செலவழித்தால், காப்பீட்டு மதிப்பே 4,00,000 இருந்த வண்டிக்கு 4,50,000 ரூபாய் அடக்கவிலை ஆகிவிடுகிறது. வெளிப் பட்டறையில் 2,00,000 ரூபாய்க்குள் முடித்தால் அடக்கவிலை 3,30,000. அதே மாடல், அதே ஆண்டு, சேதமில்லாத கார் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்து, இந்த அடக்கவிலையோடு ஒப்பிட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும்.

அந்த 2,00,000 ரூபாயோடு வேலை முடியுமா என்பதை நிர்ணயிப்பது சேதத்தின் வகை. எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழ நீளத்தில் வண்டல் காய்ந்து அப்பியிருந்தது. பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, செப்பு முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைக் காட்டி, “சார், இன்ஜினைப் பிரிச்சுச் சரிபண்ணிடலாம். இந்த வயரிங் எப்போ எங்கே கைவிடும்னு யாராலும் சொல்ல முடியாது” என்றார். ஏர்பேகை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே, தரையை ஒட்டியே இருக்கிறது. இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் அதுவும் மூழ்கியதாகத்தான் பொருள். வண்டி ஓடும், ஏசி குளிரும், ஆனால் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்ற கேள்வி மட்டும் எப்போதும் கூடவே வரும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் அந்தக் கேள்வியோடு வாழ எனக்கு மனமில்லை. அடிச்சட்டமான சேஸிஸ் வளைந்த வண்டிக்கும் தீயில் வெந்த வண்டிக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

இதற்கு நேர்மாறானது, பன்னிரண்டு ஆண்டு ஓடிய சிறிய கார் முன்பக்கம் மட்டும் இடிபட்ட நிலை. ஐ.டி.வி. 90,000, புது பம்பர், பானெட், ரேடியேட்டர், விளக்குகள் என்று சர்வீஸ் சென்டர் போடும் எஸ்டிமேட் 75,000, சால்வேஜ் 35,000. சேஸிஸ் நேராக இருந்து, ஏர்பேக் விரியாமல் இருந்தால், புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்களை வாங்கி, நம்பிக்கையான பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிக்க வழி உண்டு. அடக்கவிலை 65,000 ரூபாய்தான். வரலாறு முழுவதும் நமக்குத் தெரிந்த வண்டி அந்த விலைக்கு வெளியில் எளிதில் கிடைக்காது. இங்கே வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் அந்த பாலிசியின் காப்பு அத்தோடு முடிந்துவிடும் என்பதால், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பட்டறையிலிருந்து சாலைக்கு வண்டியை எடுக்கக் கூடாது.

ஒப்படைப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வங்கிக் கடன் பாக்கி இருந்தால் தொகை முதலில் வங்கிக்கே போகும், கடன் ஐ.டி.வி.யைவிட அதிகமானால் மீதி நம் தலையில். புதிய கார் வாங்கினால் ஆயுட்கால வரியை மீண்டும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 இறுதியில் உயர்த்தப்பட்ட விகிதப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். விலைச்சீட்டுத் தொகையையே திருப்பித்தரும் கூடுதல் காப்பு எடுத்திருப்பவருக்கு இந்த வரிச்சுமை பெரிதும் குறையும். அவர் வண்டியை வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழ் விவகாரம். ஏலம் எடுத்தவரிடம் வண்டியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு, வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்த வண்டியின் பதிவெண்ணையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டியில் பொருத்தி ஓட்டும் கும்பல்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பெயர் மாறாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இனி ஓடவே முடியாத வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

நாங்கள் ஒப்படைத்தோம். ஏலம் எடுத்து, சால்வேஜ் தொகையை எங்களிடமே தர வேண்டியிருந்த காயலான் கடைக்காரர் உடனே ஆர்.சி.யைக் கேட்டார், பதிவு ரத்தாகும்வரை தர முடியாது என்றதும் விலையைச் சற்றுக் குறைத்தார். அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டு, ரத்து உத்தரவின் நகல் கைக்கு வந்த பிறகே வண்டியின் சாவியைக் கொடுத்தேன்.